சிவப்பணு கைவிடாத பம்பு
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை, மலருக்காக எழுத்து வடிவில்)

  

பரிசளிப்பு விழாவில் வாத்தியார் எழுந்து நின்றால் என்ன பேசுவார் என்பது உங்களுக்குத் தெரியும். "கல்வியே அழியாச் செல்வம்" என்பார். நீங்களும் கை தட்டுவீர்கள். அதை இன்று மற்றவர்கள் அழகாகச் சொல்லிவிட்டார்கள். எனவே நான் ஒரு சொட்டு இரத்தத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். நான் டாக்டர் அல்லன். பயிற்சிக் கல்லூரியில் படித்துச் சான்றிதழ் வாங்கிய சாதாரண ஆசிரியன். ஆனால் என் வீட்டில் நடந்த ஒரு சம்பவம் என்னைப் புத்தகங்களைப் புரட்ட வைத்தது. படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ளாவிட்டால் நான் என்ன வாத்தியார்?

என் தாயார் இந்தக் கேமரன் மலையில் நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். ஒரு சமயம் அவருக்குத் தலைசுற்றலும் களைப்புமாக இருந்தது. படி ஏறினால் மூச்சு வாங்கியது. மருந்தகத்தில் காட்டினோம். இரத்தம் எடுத்து, சோதனைக்காகக் கீழே அனுப்பி வைத்தார்கள். மறுநாள் மாலை தொலைபேசி வந்தது. "இரத்தத்தில் பொட்டாசியம் அளவுக்கு மேல் ஏறியிருக்கிறது, இருதயத்துக்கு ஆபத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள்" என்றார்கள்.

நம் மலைப் பாதையை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழை, பனிமூட்டம், வளைவுக்கு மேல் வளைவு. அம்மா பின் சீட்டில் என் மனைவியின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தார். "தம்பி, மெதுவா ஓட்டு. நான் போறதுக்குள்ள நீங்க எல்லாரும் போயிடாதீங்க" என்றார். சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் பார்த்தார். இருதயத்துக்கு ஈ.சி.ஜி. எடுத்தார், கோளாறு எதுவும் தெரியவில்லை. புதிதாக இரத்தம் எடுத்து உடனே சோதிக்கச் செய்தார். பொட்டாசியம் சரியான அளவில் இருந்தது! "முதல் இரத்தத்தை எப்படி அனுப்பினார்கள்?" என்று கேட்டார். ஐஸ் பெட்டியில் வைத்துப் பல மணி நேரம் கழித்துப் போய்ச் சேர்ந்ததாக நான் கேள்விப்பட்டதைச் சொன்னேன். டாக்டர் தலையை ஆட்டினார். "குளிரில் சிவப்பணுவின் பம்பு நின்றுவிடும் சார். உள்ளே இருந்த பொட்டாசியம் கசிந்து வெளியே வந்திருக்கும். கூடியது குழாயில் இருந்த இரத்தத்தில்தான், உங்கள் அம்மாவின் உடம்பில் இல்லை" என்றார்.

அம்மாவுக்கு விளக்கிச் சொன்னேன். அவர் கேட்டாரே ஒரு கேள்வி: "நாப்பது வருசம் இந்தக் கூதல்ல நின்னு பறிச்சேனே, அப்பல்லாம் கசியாத ரத்தம் ஒரு ராத்திரி ஐசுல வச்சதுக்கா கசிஞ்சு போச்சு?"

நல்ல கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் படிக்கத் தொடங்கினேன்.

அன்பர்களே! நம் உடம்பு வெளியே எவ்வளவு குளிரானாலும் உள்ளே ஏறத்தாழ 37 பாகை வெப்பத்தைக் காத்துக்கொள்கிறது. அந்தச் சூட்டில்தான் டாக்டர் சொன்ன பம்பு ஓயாமல் ஓடும். குழாயில் எடுத்த இரத்தத்துக்குப் போர்வையும் கிடையாது, அடுப்பும் கிடையாது. 4 பாகைக் குளிரில் பம்பு ஏறக்குறைய நின்றே போகிறது. இதுதான் அம்மாவின் கேள்விக்குப் பதில்.

அது என்ன பம்பு? கேளுங்கள்.

சோடியம் என்பது நாம் குழம்பில் போடும் உப்பில் இருப்பது. பொட்டாசியம் என்பது வாழைப்பழத்திலும் இளநீரிலும் இருப்பது. தேயிலைச் செடிக்குப் போடும் பொட்டாஷ் உரமும் அதுவே. இரத்தத்தின் நீர்ப் பகுதியில் சோடியம் அதிகம், பொட்டாசியம் குறைவு. சிவப்பணுவுக்குள் நேர்மாறு. கணக்காகச் சொன்னால், ஒரு லிட்டருக்குச் சோடியம் வெளியே 140 மில்லிமோல், உள்ளே சுமார் 10. பொட்டாசியம் வெளியே சுமார் 4, உள்ளே ஏறத்தாழ 100. மில்லிமோல் என்பது உப்பை எண்ணுகிற ஓர் அளவு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அணுவின் தோல் முழுக்க அடைத்த தோல் அல்ல. சிறிது சிறிதாகக் கசியும். ஓட்டைப் படகில் போகிறவன் என்ன செய்வான்? ஒரு பக்கம் தண்ணீர் நுழைய நுழைய, இறைத்துக்கொண்டே இருப்பான். அப்படி இறைக்கிற வேலையைச் செய்யும் புரதத்துக்குத்தான் சோடியம் பம்பு என்று பெயர். ஒரு சுற்றில் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். உடம்பில் பம்பு நின்றுபோனால் உப்பு உள்ளே சேரும், உப்போடு தண்ணீரும் சேரும், அணு ஊதி வெடித்துவிடும்.

இதைக் கண்டுபிடித்தவர் டென்மார்க் நாட்டு விஞ்ஞானி ஜென்ஸ் ஸ்கோ. கடற்கரை நண்டின் கால் நரம்பை எடுத்து ஆராய்ந்து 1957இல் வெளியிட்டார். அதற்கு நோபல் பரிசு கிடைத்தது 1997இல்! நாற்பது ஆண்டுகள். இன்று பரிசு வாங்காத பிள்ளைகள் இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பம்பு ஓட எரிபொருள் வேண்டும். அதற்கு ஏ.டி.பி. என்று பெயர். அதை 1929ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்டில் சைரஸ் பிஸ்கே என்பவரோடு சேர்ந்து கண்டறிந்தவர் நம்மவர், எல்லாப்பிரகட சுப்பாராவ். அதே ஆண்டு ஜெர்மனியில் லோமன் என்பவரும் தனியாகக் கண்டறிந்தார். இங்கே நம் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியதும் அதே 1929இல்தான். ஆந்திரத்துப் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த சுப்பாராவுக்கு முழுப் பட்டம் கிடைக்கவில்லை, எல்.எம்.எஸ். சான்றிதழோடுதான் வெளியே வந்தார். சான்றிதழ்க்காரர்களைக் குறைவாக எண்ணாதீர்கள் என்று நான் என்னைப் பற்றிச் சொல்லவில்லை, அவரைப் பற்றித்தான் சொல்கிறேன்!

இனி சிவப்பணு எப்படி வளர்கிறது என்று பார்ப்போம். என் உரையின் மையமே இதுதான்.

நம் எலும்பு மஜ்ஜையில் ஒவ்வொரு விநாடியும் சுமார் 20 இலட்சம் சிவப்பணுக்கள் உருவாகின்றன. நான் இந்த வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் ஒவ்வொருவர் உடம்பிலும் ஒரு கோடி பிறந்திருக்கும். தொடக்கத்தில் அந்த அணுவுக்கு எல்லாம் இருக்கிறது. உட்கரு இருக்கிறது, உடம்பை உண்டாக்கும் குறிப்பெல்லாம் எழுதி வைத்த ஏடு அது. மைட்டோகாண்டிரியா என்னும் பெரிய அடுப்புகள் இருக்கின்றன. புரதம் செய்யும் பட்டறைகள் இருக்கின்றன. வெளியிலிருந்து இரும்பை வாங்கிக் கொடுக்கும் கைகள் இருக்கின்றன. சோடியம் பம்புகளும் ஏராளம்.

இத்தனை பம்பு எதற்கு? வளரும் பருவத்தில் அணு ஓயாமல் ஹீமோகுளோபின் செய்கிறது. அதற்கு மூலப்பொருள்கள் உள்ளே வரவேண்டும். அவற்றில் சில, சோடியத்தோடு ஜோடி சேர்ந்துதான் கதவைத் தாண்டும். சரக்கோடு சோடியமும் வந்து சேர்வதால் அதை வெளியேற்றும் வேலையும் கூடுகிறது. கல்யாண வீட்டை நினைத்துப் பாருங்கள். கோயிலிலிருந்து அண்டா, கொப்பரை, பக்கத்து லயத்திலிருந்து பாய், விளக்கு என்று எல்லாம் வந்து சேரும். அத்தனையும் வேண்டியிருக்கிறது, அந்த நாளைக்கு.

கல்யாணம் முடிந்ததும் என்ன செய்கிறோம்? இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிறோம். அணுவும் அதையே செய்கிறது. முதலில் உட்கருவையே வெளியே தள்ளிவிடுகிறது. பிறகு மஜ்ஜையை விட்டு இரத்தத்துக்குள் இறங்குகிறது. அந்தப் பருவத்தில் அதற்கு ரெட்டிகுலோசைட் என்று பெயர். சாயம் போட்டுப் பார்த்தால் உள்ளே வலை மாதிரி தெரியுமாம். அதனால் நாம் வலையணு என்று வைத்துக்கொள்ளலாம். இரத்தத்தில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு இப்படி இருக்கும். ஓரிரு நாளில் இது முழு அணுவாக முதிர்கிறது. அந்த நாட்களில் அடுப்புகளை இழக்கிறது, பட்டறைகளை இழக்கிறது, மேல்தோலிலும் ஒரு பகுதியை இழக்கிறது.

வேண்டாததை அணு எப்படிக் கழிக்கிறது? சிலவற்றை உள்ளேயே சிதைத்துவிடுகிறது. சிலவற்றைச் சின்னஞ்சிறு பொட்டலங்களாகக் கட்டி வெளியே போடுகிறது. இரும்பு வாங்கும் கைகள் இப்படிப் பொட்டலமாகப் போவதை 1983இல் கனடாவின் மாண்ட்ரியாலில் ரோஸ் ஜான்ஸ்டன் அம்மையாரின் குழு, ஆட்டின் வலையணுக்களில் பார்த்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் இன்னொரு குழு எலியின் வலையணுக்களில் பார்த்தது. அந்தக் கைகளில் ஒன்றுகூட முதிர்ந்த அணுவில் மிஞ்சுவதில்லை.

பம்புகளும் இந்தச் சமயத்தில்தான் வெகுவாகக் குறைகின்றன. வலையணுவில் இருப்பதைவிட முதிர்ந்த அணுவில் பல மடங்கு குறைவு. மனிதனின் ஒரு சிவப்பணுவில் கடைசியில் மிஞ்சுவது சில நூறு பம்புகள் மட்டுமே. இது எவ்வளவு சொற்பம் என்று தெரிய வேண்டுமா? அதே தோலில், சுவாசக் காற்றைச் சுமக்க உதவும் இன்னொரு புரதம் ஏறத்தாழ பத்து இலட்சம் இருக்கிறது!

ஆனால் கவனியுங்கள். குறைத்துக்கொள்கிறதே தவிர, முழுதாக விட்டுவிடவில்லை. பெரிய அடுப்புகள் போய்விட்டதால் இனிச் சர்க்கரையை மட்டும் கொண்டு சிறிதளவு ஏ.டி.பி. செய்து சிக்கனமாக வாழ வேண்டும். ஆகவே அதிகப் பம்பு கட்டுப்படியாகாது. ஏடும் பட்டறையும் போய்விட்டதால் இனிப் புதுப் பம்பு ஒன்றைச் செய்யவும் முடியாது. வைத்துக்கொண்ட அந்தச் சில நூறும் சுமார் 120 நாள் ஓட வேண்டும். கடைசி நாள்வரை அதுதான் அணுவைக் காப்பாற்றுகிறது.

"எல்லா உயிருக்கும் இப்படித்தானா சார்?" என்று ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான். இல்லை. நம் லயத்து வாசலில் படுத்திருக்கும் நாயை எடுத்துக்கொள்ளுங்கள். நாயின் வலையணுவில் பம்பு இருக்கிறது. முதிர்ந்த அணுவில் ஒன்றுகூட இல்லை! அதனால் நாயின் சிவப்பணுவுக்குள் சோடியம் அதிகம், பொட்டாசியம் குறைவு. அது வேறொரு வழி வைத்திருக்கிறது. கால்சியத்தை உள்ளே விட்டு, அதற்கு மாற்றாகச் சோடியத்தை வெளியே அனுப்பும். பூனையின் அணுவிலும் பம்பு இல்லை. ஆட்டில் இரண்டு வகை உண்டு, பொட்டாசியம் நிறைந்தது ஒன்று, குறைந்தது ஒன்று. அந்த இரண்டு வகை ஆட்டு இரத்தத்தை ஒப்பிட்டுத்தான் டாஸ்டசன், ஹாப்மன் என்ற இரு விஞ்ஞானிகள் 1960இல், கசிவும் பம்பும் சேர்ந்தே அணுவின் பருமனை நிலைநிறுத்துகின்றன என்று விளக்கினார்கள்.

ஜப்பானில் சில நாய்க் குடும்பங்கள் மட்டும் விதிவிலக்கு. அவற்றின் முதிர்ந்த அணுக்களிலும் பம்பு இருக்கிறது. அது பரம்பரையாக வருவது. அந்த நாய்கள் வெங்காயம் தின்றால் மற்ற நாய்களைவிட அதிகமாகச் சிவப்பணுக்கள் உடைகின்றன என்று ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டார்கள். எந்த நாய்க்குமே வெங்காயம் கெடுதல்தான். ஆகவே மீந்துபோன வெங்காயச் சாம்பாரை நாய்த் தட்டில் ஊற்றும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

இதெல்லாம் தெரிந்து நமக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். மூன்று லாபம் உண்டு.

முதலாவது, இரத்ததானம். வங்கியில் இரத்தத்தை 2 முதல் 6 பாகைக் குளிரில், சேர்க்கும் மருந்தைப் பொறுத்து 35 அல்லது 42 நாள்வரை வைத்திருப்பார்கள். அங்கும் பம்பு தூங்கிவிடுகிறது, பொட்டாசியம் கசிகிறது. ஆனால் அந்த இரத்தத்தை நோயாளிக்கு ஏற்றியதும் உடம்புச் சூட்டில் பம்பு மறுபடியும் விழித்துக்கொண்டு, இழந்த பொட்டாசியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே சேர்க்கிறது. நீங்கள் கொடுத்த இரத்தம் ஐஸ் பெட்டியில் வீணாகிவிடும் என்று பயப்படாதீர்கள். தைரியமாகக் கொடுங்கள்.

இரண்டாவது, சோதனை இரத்தம். பொட்டாசியம் பார்க்க எடுத்த இரத்தத்தை, அணுக்களைப் பிரிக்காமல் பல மணி நேரம் குளிரில் வைத்தால் கணக்குத் தப்பாக வரக்கூடும். ஆனால் ஒன்றை அழுத்தமாகச் சொல்கிறேன். பொட்டாசியம் கூடியிருக்கிறது என்று அழைப்பு வந்தால், "வாத்தியார் சொன்னாரு, எல்லாம் குளிரு செஞ்ச வேலை" என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். உண்மையிலேயே கூடினால் இருதயம் நின்றுவிடும். உடனே போங்கள், போய்க் கேளுங்கள். தப்பு எது, நிஜம் எது என்று டாக்டர் சொல்லட்டும்.

மூன்றாவது, களைப்பு. அம்மாவின் பொட்டாசியம் சரி. ஆனால் களைப்பு பொய்யில்லையே? ஹீமோகுளோபின் குறைந்திருந்தது. இரும்புச் சத்து இல்லை. வேறு காரணம் உண்டா என்று மற்றச் சோதனைகளும் செய்தார்கள். நல்லவேளை, கெட்டதாக ஒன்றும் இல்லை. இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வாரம், பத்து நாள் கழித்து டாக்டர் எண்ணிப் பார்த்தது எதைத் தெரியுமா? வலையணுக்களை! மருந்து வேலை செய்தால் மஜ்ஜை இளம் அணுக்களை அதிகமாக அனுப்பும். அவை கூடியிருந்தன. முழுப் பம்புப் படையோடு புது அணுக்கள் வந்து இறங்கிவிட்டன என்று நான் மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். "சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்காதீர்கள். அது சாப்பாட்டில் உள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது." தென்னாப்பிரிக்காவில் செய்த ஓர் ஆய்வில் 1975லேயே இதைக் காட்டியிருக்கிறார்கள். தேயிலையால் வாழ்கிற நாம் தேநீரைப் பழிக்கலாமா? பழிக்கவில்லை. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நடுவே ஒரு மணி நேரம் விடுங்கள், போதும். கீரை, பயறு, மீன், முட்டை சாப்பிடுங்கள். கூடவே ஓர் ஆரஞ்சோ கொய்யாவோ இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். அணு பெருகுவதற்கு போலிக் அமிலமும் வேண்டும். லூசி வில்ஸ் என்ற ஆங்கில டாக்டரம்மா 1928 முதல் இந்தியாவில், பம்பாய் ஆலைகளில் வேலை பார்த்த கர்ப்பிணிகளின் சோகையை ஆராய்ந்து, மார்மைட்டில் அதைத் தீர்க்கும் சத்து இருப்பதைக் கண்டார். அந்தச் சத்தே பின்னர் போலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. 1945இல் அதைச் செயற்கையாகச் செய்து கொடுத்த ஆய்வுக் கூடத்தை நடத்தியவரும் நம் சுப்பாராவ்தான். ஆகவே தாய்மார்களே, கர்ப்ப காலத்தில் கிளினிக்கில் கொடுக்கும் மாத்திரைகளை அலமாரியில் அடுக்கி வைக்காதீர்கள்.

இறுதியாக, ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப் பள்ளிக்குப் போகவிருக்கும் என் செல்வங்களே! உங்களுக்கு ஒரு வார்த்தை.

மஜ்ஜையிலிருந்து இறங்கும் வலையணு மாதிரி நீங்களும் இந்தச் சிறிய பள்ளியை விட்டு இறங்கப் போகிறீர்கள். சிலவற்றை விட்டுத்தான் ஆக வேண்டும். கூச்சத்தை விடுங்கள். "நான் தோட்டத்துப் பிள்ளைதானே" என்ற எண்ணத்தை விடுங்கள். ஆனால் போகிற இடத்தில் புதிதாகச் செய்துகொள்ள முடியாதவை சில உண்டு. தாய்மொழியில் நினைக்கும் பழக்கம் ஒன்று. புரியாததைக் கேட்கும் துணிவு ஒன்று. என் தாயார் பள்ளிக்கூடம் போனது மூன்றே ஆண்டு, ஆனாலும் "ஏன் கசிஞ்சது?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னைப் படிக்க வைத்தது. நாய்க்கு வேறு வழி இருந்தது, அதனால் பம்பை விட்டது. நமக்கு அந்த வழி இல்லை. ஆகவே கொஞ்சமாக இருந்தாலும் வைத்துக்கொள்ளுங்கள். அது ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

என் தாயார் இப்போது சௌக்கியம். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "தம்பி, ஒரு மணி ஆச்சா? தண்ணி ஊத்தச் சொல்லு" என்கிறார். ஒரு நிமிடம் முன்னே கொடுத்தாலும் வாங்குவதில்லை.